புரொஜெக்டருக்குப் புது பெல்ட்

புரொஜெக்டரின் பின்மூடியைக் கழற்றியதுமே கறுப்புத் தூள் என் மடியில் கொட்டியது.

ரப்பர் தூள். நாள் முழுக்கத் தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பெரிய சக்கரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மோட்டார் தண்டைத் திருப்பினேன். பெல்ட் அசையவே இல்லை. தண்டு மட்டும் அதற்குள் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அட கழுதை, நீதானா!

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பயம். போன தடவை படம் நடுவில் நின்று, விளக்குச் சூட்டில் ஓரிடம் பொசுங்கிவிட்டது. இருப்பதோ அந்த ஒரே சுருள். அதில்தான் அப்பா இருக்கிறார், வேறு எங்கேயும் இல்லை.

நான் வயிற்றில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். என்னைப் பெற்ற கையோடு அம்மாவும். அண்ணனுக்கு அப்போது நாலு வயது. எங்களை வளர்த்த பெரியம்மா அப்பாவைக் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி.

வருடக்கணக்கில் பரணில் கிடந்த புரொஜெக்டரை, மீசை அரும்பும் வயதில் அண்ணன்தான் இறக்கி ஓட்டினான்.

படத்தில் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெல்ல நடந்து வருவார். ஒவ்வொரு வார்த்தையாக, கனத்த குரலில் பேசுவார். என்ன ஒரு நிதானம்! அன்றிலிருந்து அண்ணனும் அப்படியே ஆனான். நடை, பேச்சு, திரும்பிப் பார்ப்பதுகூட. அப்பாவை உரித்து வைத்திருக்கிறார் என்று அண்ணிக்கு ஒரே பெருமை.

நானோ அவசரக் குடுக்கை. வாயைத் திறந்தால் மூச்சு விடமாட்டேன். கை இரண்டும் தனியாக ஒரு பேச்சுப் பேசும். யாரைக் கொண்டு பிறந்தாளோ என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொள்வாள். சிரித்து மழுப்பிவிடுவேன். ஆனால் உள்ளே சுருக்கென்று இருக்கும். அப்பாவிடமிருந்து எனக்கென்று ஒரு துரும்புகூட வரவில்லையே.

சக்கரப் பள்ளங்களில் படிந்த பிசுக்கை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். நூல் பிடித்து அளந்து, என் தையல் மோட்டாருக்கு வாங்கி வைத்திருந்த பெல்ட்களில் கொஞ்சம் இறுக்கமான ஒன்றை இழுத்து மாட்டினேன். சிக்கென்று உட்கார்ந்தது. ஓடிய படத்தைச் சுற்றி வாங்கும் சக்கரத்தின் பெல்ட்டும் விரிசல் விட்டிருந்தது. அதையும் மாற்றினேன்.

ஜன்னலைச் சாத்திவிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

அப்பா சைக்கிளோடு துள்ளிக்கொண்டு வந்தார்.

அதை நிறுத்தக்கூடப் பொறுமை இல்லை. சுவரில் சாய்த்தார், சரிந்து விழுந்தது, தலையில் கை வைத்துக்கொண்டார், சிரித்தார். பேச்சு! அம்மாடி, என்ன பேச்சு! மெல்லிய குரல், மூச்சே விடாமல், இரண்டு கையும் காற்றில்.

ஐயோ, ஏதோ தப்பாக மாட்டிவிட்டேன் என்று கை ஸ்விட்சுக்குப் போனது.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

வழக்கமாக அந்த இடத்தில் ஹூ… ஹூ… என்று ஒரு முனகல் கேட்கும். மெஷின்தான் முனகுகிறது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தோம்.

அது அம்மா. காமிராவைப் பிடித்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக் கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

தப்பு ஒன்றுமில்லை. இதுதான் சரியான வேகம். இத்தனை காலமும் பெல்ட் வழுக்கி வழுக்கிப் படம் மெதுவாக ஓடியிருக்கிறது. நாங்கள் கும்பிட்ட நிதானம் அப்பாவுடையதே இல்லை, தேய்ந்துபோன ரப்பருடையது.

திரையில் நின்றது நான்தான். மீசை வைத்த நான். சந்தோஷத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திரும்பினேன். அண்ணன் எழுந்து நின்றிருந்தான்.

"அப்போ நான் யாரு மாதிரி? சொல்லுடி, நான் யாரு மாதிரி, இவ்ளோ நாளா நான் யாரைப் பார்த்து, ஐயோ, நீயாவது சொல்லேன்..."

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சரிந்து விழுந்ததை அவன் கவனிக்கவில்லை. குரல் கீச்சென்று ஏறியிருந்தது. இரண்டு கைகளும் காற்றில் அலைந்தன. திரையில் அப்பாவும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். எது யாருடைய குரல் என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.