எண்பத்தொன்றாம் நம்பர்

“அந்தச் சிவப்புக் கோட்டா போட்டுக்கப் போற?” வாசற்கதவைப் பிடித்தபடி கேட்டார் வெண்டல்.

“ஏன், நல்லா இல்லையா?” கண்ணாடி முன்னால் நின்று உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டே கேட்டாள் அவர் மனைவி ஆர்லீன்.

“நல்லாத்தான் இருக்கு. அதான் கேக்கறேன். போன வருஷம் நன்றி நாள் ஆட்டத்துக்குக் கிழிஞ்ச கையுறையோட வந்தவதானே நீ!”

“போன வருஷமும் இந்த வருஷமும் ஒண்ணா? இன்னிக்கு டுவேனுக்கு மரியாதை பண்றாங்க. வான்கோழியை அடுப்புல வெச்சாச்சு, கிளம்பு.”

டுவேன்! அந்தப் பெயரைக் கேட்டாலே வெண்டலுக்கு வயிறு எரியும். நேற்று இன்றல்ல, நாற்பது வருஷமாக.

1971-ஆம் ஆண்டு, பள்ளிகளுக்கிடையே நடந்த நன்றி நாள் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். கொட்டுகிற பனியில், முடிய ஆறே விநாடி இருக்கும்போது, டுவேன் காஸ்பர் அந்தரத்தில் எம்பி ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்து எல்லைக்கோட்டுக்கு அப்பால் விழுந்து வெற்றிப் புள்ளிகளை எடுத்தான். பக்கத்து ஊர்ப் பள்ளியைப் பதினாறு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் ஜெயித்தார்கள். பத்திரிகையில் வந்த அந்தப் படத்தை வெட்டி ஊர் முழுக்கச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். பான்கேக் சாப்பிடப் போனால் சுவரில் டுவேன். பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனாலும் டுவேன். அந்த மூஞ்சிக்கு எதிரே உட்காரப் பிடிக்காமல் முடி வெட்டிக்கொள்ளப் பன்னிரண்டு மைல் தள்ளிப் போய்வருகிறார் வெண்டல்.

அதெல்லாம் கூடப் பரவாயில்லை. போன வாரம் கார் சாவியைத் தேடி ஆர்லீனின் கைப்பையைத் துழாவியபோது, உள்ளறையில் நான்காக மடித்த பழைய பத்திரிகைத் துண்டு ஒன்று கையில் பட்டது. மேல் மடிப்பைப் பிரித்தார். டுவேன் பறந்துகொண்டிருந்தான்! சட்டென்று மூடி உள்ளே திணித்துவிட்டார்.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. அந்த நாளில் ஆர்லீன் பள்ளி வாத்தியக்குழுவில் கிளாரினெட் வாசித்த பெண். பெரிய கல்லூரி ஒன்று கூப்பிட்டதும் டுவேன் ஊரை விட்டுப் போவது உறுதியாகிவிட்டது. ஆட்டம் முடிந்த அடுத்த மாதமே, நிமோனியா வந்து படுத்துக் கிடந்த வெண்டலைப் பார்க்க ஒரு பானை கோழி சூப்போடு வந்து நின்றாள் இவள். அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படியானால், பெரிய மீன் நழுவிவிட்டதால் எடுத்துக்கொண்ட பொடி மீனா நான்?

மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. கம்பளியைக் காலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தான் மெர்ல். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. வாய்க்கு மட்டும் வயது அதிகம்.

“என்ன வெண்டல், நீயும் அந்த டீம்ல இருந்தியாமே!”

“இருந்தேன்.”

“ஆடினியா?”

“பெஞ்ச்ல இருந்தேன்.”

“பெஞ்சைச் சூடு பண்ணிக்கிட்டு இருந்தேன்னு சொல்லு! என்ன நம்பர் உனக்கு?”

வெண்டல் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டார்.

இடைவேளையில் டுவேன் மைதானத்துக்கு நடுவே வந்தான். தலை வழுக்கை, ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு. அவன் பக்கத்தில் மூடிவைத்திருந்த ஒன்றின் மேலிருந்து துணியை விலக்கினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் எண்பத்தொன்றாம் நம்பர் சட்டை. கீழே டுவேன் காஸ்பர் என்று பொன்னெழுத்து.

“டுவேனுக்கு மரியாதையா, இனிமே நம்ம பள்ளியில எண்பத்தொண்ணாம் நம்பர் சட்டை யாருக்கும் கிடையாது!” என்று ஒலிபெருக்கி அலறியது.

டுவேன் மைக்கைப் பிடித்து, “இந்தச் சட்டையைப் பத்தி ஒண்ணு சொல்லணும்…” என்று ஆரம்பித்தான். அதற்குள் வாத்தியக்குழு முழங்கிவிட்டது. அவன் தோளைக் குலுக்கிவிட்டு இவர்கள் பக்கம் பார்த்துக் கையாட்டினான். ஆர்லீன் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

வெண்டலுக்குப் பொறுக்கவில்லை.

“உன் கைப்பையில இருக்கறதை நான் பார்த்துட்டேன்.”

“எதை?”

“அவன் படத்தை. நாப்பது வருஷமா சுமந்துக்கிட்டுத் திரியற. உண்மையைச் சொல்லு, அவன் போயிடுவான்னுதானே எங்கிட்ட வந்த?”

ஆர்லீன் அவரையே பார்த்தாள். “முழுசாப் பிரிச்சுப் பார்த்தியா?”

“அவன் மூஞ்சியை முழுசா வேற பார்க்கணுமா?”

“அட அசடே!” கைப்பையைத் திறந்து அந்தத் துண்டை அவர் மடியில் போட்டாள். “கீழ் மடிப்பையும் பிரி.”

பிரித்தார். பறக்கிற டுவேனுக்குக் கீழே, ஓரத்தில், ஆட்டக்காரர்களின் பெஞ்ச். எல்லோரும் எழுந்து குதித்துக்கொண்டிருக்க, ஒரே ஒரு பையன் மட்டும் அந்தப் பனியில் சட்டையில்லாமல், தோள் கவசத்தோடு, இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம்.

“டுவேன் சட்டை தாறுமாறாக் கிழிஞ்சு, நம்பர் தெரியலைன்னு நடுவர் வெளியே அனுப்பிட்டார்,” என்றாள் ஆர்லீன். “யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தன் தன் சட்டையைக் கழட்டிக் கொடுத்தான். அந்த எண்பத்தொண்ணுக்குத்தான் அன்னிக்கு சூப் கொண்டுவந்தேன். இன்னிக்கு இந்தச் சிவப்புக் கோட்டும் அவனுக்குத்தான்!”