மஞ்சப்பையில் ஒரு ரன்

"செங்கல்லா? ஏம்மா டீச்சர், புள்ளைகளுக்கு முட்டி உடையணுமா, பல்லு உடையணுமா?"

நடுவர் சுப்புராஜ், மைதானத்தின் நாலு மூலையிலும் பதித்திருந்த செங்கல்லைக் காலால் தட்டிக் காட்டினார். எம்.ரெட்டியபட்டி விளையாட்டு டீச்சர் தங்கமாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. சாஃப்ட்பால் அந்தக் கரிசல் காட்டுக்குள் வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகிறது.

"நாங்க இதுலதான் சார் பழகுறோம்."

"பழகுங்க. நான் நிக்கிற ஆட்டத்துல, ஓடி வந்து மிதிக்கிற பேஸு மெத்துன்னு இருக்கணும். தடுக்கி விழுந்தா நானா பதில் சொல்றது?"

விதி என்று வந்துவிட்டால் சுப்புராஜ் பெற்ற தகப்பனுக்கும் தளர்த்த மாட்டார். ஆனால் பருத்தி விளையும் ஊரில் பஞ்சுக்கா குறைச்சல்? பிள்ளைகள் சோறு கொண்டுவந்த ஜவுளிக்கடை மஞ்சப்பைகளில் நாலைக் காலி செய்து, கொஞ்சமாகப் பஞ்சு அடைத்து, வாயைத் தைத்துத் தட்டையாக்கினார்கள். பையின் ஒரு பக்கம் கடைப் பெயர், மறுபக்கம் தாமரையில் நிற்கும் லட்சுமி.

"ஏ, சாமி படம் அடியில போகட்டும்டி. யாரும் மிதிச்சிரக் கூடாது" என்றாள் டீச்சர்.

சுப்புராஜ் அதோடு விட்டாரா? இரண்டு அணியையும் வரிசையாக நிறுத்தினார்.

"கம்மல், வளையல், கொலுசு, தாயத்து, எல்லாத்தையும் கழட்டுங்க. பந்து பட்டா ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிரும்."

ரெட்டியபட்டிப் பிள்ளைகளின் நகை நட்டெல்லாம் டீச்சரின் தூக்குவாளிக்குள் போயின. 'பஸ்ஸு' மட்டும் சட்டைக்குள் கிடந்த செயினைப் பொத்திக்கொண்டு நின்றாள். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸை விரட்டிப் பிடித்தே வேகம் வந்த கால்கள் அவளுக்கு. அதனால் வந்த பெயர்.

"சார், இது மட்டும் இருக்கட்டுமே. கழட்டுனா அம்மா வையும்."

"கழுத்துல குத்தி ரத்தம் வந்தா உங்கம்மா என்னைய வையும். கழட்டு."

பஸ்ஸு திரும்பி நின்று கழற்றி, கைக்குள் மூடி, வாளிக்குள் போட்டாள்.

"இன்னொண்ணு, யாரும் யாரு மேலயும் மோதக் கூடாது. மோதுனா அவுட்டு மட்டுமில்ல, ஆட்டத்த விட்டே வெளிய போகணும்."

எதிர் அணி அருப்புக்கோட்டை டவுனு. ஜெயிக்கிற அணிக்கு மெட்ராஸில் மாநிலப் போட்டி, அதுவும் ரயிலில் பயணம். பஸ்ஸு அதுவரை ரயிலைப் பார்த்திருக்கிறாள், ஏறியதில்லை. ஒரு வாரமாகத் தூக்கத்தில்கூட அவளுக்கு ரயில்தான்.

கடைசி இன்னிங்ஸ். டவுனு அணி ஒரு ரன் முன்னால் இருந்தது. மூன்றாவது பேஸில் ஒருத்தி காத்து நிற்க, பஸ்ஸு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மட்டையோடு வந்தாள். இன்னும் ஒரு அவுட், கதை முடிந்தது.

அடித்தாள் பாருங்கள், பந்து கருவேலம் புதருக்குள் போய் விழுந்தது!

"ஓடுங்கடி!" டீச்சர் கொடி இல்லாத குறைக்கு முந்தானையைச் சுழற்றிக் கத்தினாள்.

மூன்றாவது பேஸில் நின்றவள், மட்டை பிடிக்கிற இடமான ஹோம் பேஸுக்குச் சறுக்கிக்கொண்டே வந்து சேர்ந்தாள். சறுக்கிய வேகத்தில் மஞ்சப்பை புரண்டுவிட்டது. ரன் சமம். பஸ்ஸு நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று பேஸையும் சுற்றி ஹோமுக்குப் பறந்து வந்தாள். அதே நேரம் பந்தும் வந்தது. டவுனு கேட்சர் முத்துலட்சுமி அதைப் பிடிக்கக் குனிந்து வழியில் நின்றாள். மோதினால் வெளியே! பஸ்ஸு ஒரே எம்பாக எம்பித் தாண்டி, பைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தாள். கால் பையில் படவே இல்லை.

முத்துலட்சுமி பந்தோடு திரும்பினாள். அந்தக் கை ஒரு தடவை பஸ்ஸு மேல் பட்டால் போதும், அவுட்.

பஸ்ஸு மண்டிபோட்டுத் திரும்பி, மேலே தெரிந்த லட்சுமி படத்தை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முத்துலட்சுமியின் கை அப்படியே நின்றுவிட்டது.

டவுனு மாஸ்டர் பால்பாண்டி ஓடிவந்தார். "சார், அது பேஸ மிதிக்கவே இல்ல! தாண்டிப் போயிருச்சு!"

"கால்தான் படணும்னு எந்த விதியில இருக்கு? கை பட்டாலும் பட்டதுதான். ரன்னு!" என்றார் சுப்புராஜ்.

ரெட்டியபட்டிக்காரர்கள் போட்ட விசில் மல்லாங்கிணறு வரைக்கும் கேட்டிருக்கும்.

"பந்த கையில வச்சுக்கிட்டு ஏன்டி மரம் மாதிரி நின்ன?" பால்பாண்டி முத்துலட்சுமி மேல் பாய்ந்தார்.

"சாமி கும்பிடுற புள்ளைய எப்படி சார் அவுட்டாக்க?"

பால்பாண்டி பையைப் பார்த்தார். கோபம் பாதியாக இறங்கிவிட்டது. தாமே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சுப்புராஜுக்கும் மனசு நெகிழ்ந்துவிட்டது. "ஓடுற ஓட்டத்துலயும் சாமிய மிதிக்கக் கூடாதுன்னு தாண்டுனியே தாயி! நல்லா வளர்த்திருக்காக."

பஸ்ஸு தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற தோழிகள் ஏனோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். தங்கமாரி டீச்சர் அவசரமாகத் தூக்குவாளியைத் திறந்து, அவரவர் பொருளை எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

முத்துலட்சுமி கைகொடுக்க வந்தாள். தோற்ற வருத்தம் இருந்தாலும் அவளுக்கு பஸ்ஸுவை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

"இவ்வளவு பக்தியா இருக்கியே, வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போவியா?"

"வெள்ளிக்கிழமை இல்லக்கா, ஞாயித்துக்கிழமை" என்று சிரித்தபடியே வாளிக்குள் கைவிட்ட பஸ்ஸு, வெள்ளிச் சிலுவை ஆடிய தன் செயினை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.