இருபது மணி நேர வேலை

கணினியில் நிரல் எழுதிப் பிழைத்தது ஓர் அணில். மீன் வியாபாரி கொக்கு தன் கடைக்கு ஒரு செயலி கேட்டது. மணிக்கு ஐந்து வேர்க்கடலை கூலி. வழக்கமாக அதற்கு நூறு மணி நேரம் பிடிக்கும்.

மழைக்காலத்துக்குச் சேர்த்திருந்த கடலையில் இருநூறைக் கொடுத்து, நிரல் எழுத உதவும் புதுக் கருவி ஒன்றை வாங்கியது அணில். இருபதே மணி நேரத்தில் செயலி தயார். அதில் ஒரு பிழைகூட இல்லை. கொக்கு பாராட்டிவிட்டு நூறு கடலையை நீட்டியது.

"ஐயா, கருவிக்கே இருநூறு ஆச்சே!"

"அதை நானாம்மா வாங்கச் சொன்னேன்? நீ வேலை செய்தது இருபது மணி நேரம்தானே?"

"அப்படியானால் அடுத்த வேலைக்கு மொத்தமாக ஒரு விலை பேசிக்கொள்ளலாம் ஐயா."

"மணிக்கணக்கே இருக்கட்டும். நீ எவ்வளவு பாடுபடுகிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?"

அணில் ஒப்புக்கொண்டது. வீட்டில் அதன் குட்டிகள் இரண்டும் பசியோடு காத்திருந்தன.

அடுத்த செயலியையும் அது இருபது மணி நேரத்தில் முடித்தது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. மீதி எண்பது மணி நேரமும் கொக்கின் கண்ணில் படும்படி திரைமுன் உட்கார்ந்து விசைகளைத் தட்டிக்கொண்டே இருந்தது. "விளையாட வாம்மா" என்று குட்டிகள் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை.

கொக்கு ஐந்நூறு கடலையை மனநிறைவோடு எண்ணி வைத்தது.

"இப்போதுதானம்மா நீ ஒழுங்காக வேலை செய்கிறாய்!"