வியாழக்கிழமை கார்ப்பெட்

போலீஸ்காரன் ட்ரெவர் ஓங்கி ஒரு உதை விட்டான். சுருட்டி வெச்சிருந்த கார்ப்பெட், லாய்டு வீட்டு வாசல்லேர்ந்து ரோடு வரைக்கும் உருண்டு விரிஞ்சுது.

உள்ள பொணம் இல்ல. செத்த எலிகூட இல்ல.

எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுற மிஷினை நிறுத்திட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. பொணம்னு நெனச்சு போன் பண்ணின பக்கத்து வீட்டு மார்லிஸுக்கு, எழுபத்து நாலு வயசுல முகத்தை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறதுன்னே தெரியல.

"மேடம், இது நாலாவது வியாழக்கிழமை," ட்ரெவர் கடுப்பாயிட்டான். "மொத வாரம் குழி தோண்டுறாருன்னீங்க. ப்ளம் மரம் நட்டிருந்தாரு. அப்புறம் கை பூரா ரத்தம்னீங்க. பெயின்ட். போன வாரம் மூட்டை. உருளைக்கிழங்கு!"

"பேங்க்ல கொள்ளையடிச்சுட்டுப் பதினோரு வருஷம் ஜெயில்ல இருந்த ஆளுப்பா! பக்கத்துலயே குடி வந்திருக்கான். தனியா இருக்கறவளுக்குப் பயம் இருக்காதா?"

"ஸ்டேஷன்ல என்னைக் 'கார்ப்பெட் துரை'ன்னு கூப்பிடப் போறாங்க. இனிமே சும்மா போன் பண்ணா அபராதம். சொல்லிட்டேன்."

"சரிப்பா, கோவிச்சுக்காத. எலுமிச்சை கேக் பண்ணியிருக்கேன். உள்ள வந்து ஒரு வாய் காபி..."

"வேணாம் மேடம்."

கார் போயிடுச்சு. லாய்டு கார்ப்பெட்டைச் சுருட்டிக்கிட்டு இருந்தாரு.

அடுத்த வியாழக்கிழமை. மார்லிஸ் பழக்க தோஷத்துல மறுபடி கேக் பண்ணிட்டாங்க. மேஜையில ரெண்டு தட்டு வேற.

ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, லாய்டு ஒரு பெரிய கறுப்புப் பெட்டியை வெளிய இழுத்துட்டு வர்றாரு! கையில மரம் அறுக்கற ரம்பம்!

கை தானா போனுக்குப் போச்சு. அபராதம் ஞாபகம் வந்துச்சு. திரையை இழுத்து மூடிட்டு, ஒரு தட்டைத் திரும்ப அலமாரியில வெச்சாங்க. வீடு அவ்வளவு அமைதி. ஃப்ரிட்ஜ் ஓடற சத்தம் மட்டும்தான்.

காலிங்பெல்!

சங்கிலியைக் கழட்டாம ஒரு விரல் அளவுக்குக் கதவைத் திறந்தாங்க. லாய்டு. நல்லவேளை, ரம்பம் இல்ல.

"எ... என்ன வேணும்?"

"அரை மணி நேரமா ரம்பத்தோட நிக்கறேம்மா. கையே விட்டுப் போச்சு. ஏன் இன்னும் போன் பண்ணல?"

"என்னது?"

"மொத வாரம் நிஜமாவே மரம்தான் நட்டேன். நீங்க போன் பண்ணீங்க. அந்தப் போலீஸ்காரப் பையன் வந்து உங்க சமையல்கட்டுல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தான். நீங்க சிரிச்சது வேலி தாண்டிக் கேட்டுச்சு. நான் குடி வந்ததுலேர்ந்து உங்க வீட்டுக்கு வேற யாரும் வந்து பாக்கல."

"அப்ப அந்தப் பெயின்ட்? மூட்டை?"

லாய்டு தலையைச் சொறிஞ்சாரு. "கார்ப்பெட்தான் கொஞ்சம் ஓவராயிடுச்சு."

மார்லிஸுக்குக் கோவப்படறதா அழறதான்னு புரியல.

"ஏன்யா இதெல்லாம்?"

"ஜெயில்ல வியாழக்கிழமைதான் ஆளுங்க பாக்க வர்ற நாள். பதினோரு வருஷமும் தலை சீவி, சட்டை பட்டனெல்லாம் போட்டுக்கிட்டு ரெடியா உக்காந்திருப்பேன். ஒருத்தரும் வந்ததில்ல." கதவு இடுக்கு வழியா மேஜைப் பக்கம் கண்ணைக் காட்டினாரு. "நீங்க கேக் பண்ணிட்டு உக்காந்திருக்கற மாதிரிதான்."

சங்கிலி கழண்டுச்சு.

லாய்டு வந்து, ட்ரெவர் எப்பவும் உக்கார்ற நாற்காலியை விட்டுட்டு அடுத்ததுல உக்காந்தாரு. மார்லிஸ் கேக்கை வெட்டக் கத்தியை எடுத்தாங்க.

வாசல்ல சைரன் சத்தம்! சிவப்பும் நீலமுமா சுவரெல்லாம் வெளிச்சம்.

"ஐயையோ! சத்தியமா நான் போன் பண்ணல!"

"தெரியும்மா. இன்னொரு தட்டு எடுங்க," லாய்டு கூலா சொன்னாரு. "நான்தான் பண்ணேன். 'ஜெயில்லேர்ந்து வந்த ஆளு ஒருத்தன் அந்தம்மா வீட்டு வாசல்ல நிக்கறான், ட்ரெவரை உடனே அனுப்புங்க'ன்னு. பொய்யில்லையே?"