துண்டில் இருந்த பெயர்கள்

ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் வாசிப்பதற்காக உபதேசியார் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்.

"யோவான் எண்டு போடுங்கோ, ஐயா" என்றாள் அக்னேஸ்.

"அது ஆர், பிள்ளை?"

"வயித்திலை கலைஞ்ச எங்கட பிள்ளை."

வெள்ளைக்காரன் கப்பல் திருத்தும் டொக்யாட்டை விட்டுப் போனபோது அவள் கணவன் சூசைப்பிள்ளைக்கு வேலை போயிற்று. இன்னொரு வாய்க்குச் சோறு ஏது என்று பயந்து, அவனுக்குத் தெரியாமல் கருவைக் கலைக்க மருந்து குடித்தாள். தானாகக் கலைந்தது என்றாள். ஏழு வருடமாக அவனும் அதைக் கதைக்கவில்லை.

"சூசைப்பிள்ளையும் காலமை பேர் எழுதித் தந்தவர். அதிலை இருக்கோ பாருங்கோ" என்று நீட்டினார் உபதேசியார்.

மடித்த துண்டை அக்னேஸ் பிரித்தாள்.

'என் பிள்ளை.
அதை மருந்து குடித்துக் கொன்ற என் மனைவி அக்னேஸ்.'

"இருக்கோ, பிள்ளை?"

"ஓம் ஐயா. செத்த ரெண்டு பேரும் இருக்கினம்."