எடுக்காத கை

கலவைச் சட்டியைத் தூக்கிச் சீனியம்மாளின் தலையில் வைத்ததும், “விட்டுட்டேன் மதினி, போ” என்பாள் இருளாயி. அந்தக் குரல் கேட்காமல் சீனியம்மாள் படியில் கால் வைத்ததில்லை. கை விலகுமுன் நகர்ந்தால் சட்டி சரிந்துவிடும். சுமையோடு அண்ணாந்து பார்க்கவும் முடியாது. இருளாயி செத்த மறுநாளும் சீனியம்மாள் வேலைக்கு வந்தாள். வராவிட்டால் உலை ஏறாது. புதிதாகத் தூக்கிவிட வந்தவன் பாஷை தெரியாத ஆள், வாயே திறக்கவில்லை. எழுபது வயதுக் கழுத்து நடுங்க அப்படியே நின்றாள்.

“என்னத்தா நிக்கிற?” என்று மேலிருந்து கத்தினார் கொத்தனார்.

“இன்னும் கைய எடுக்கலப்பா.”

“அவன் அப்பவே போயிட்டான்.”

அப்போதும் அவள் நகரவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இருளாயியின் கட்டைக் குரலில், “விட்டுட்டேன் மதினி, போ” என்றாள். அதற்கு ‘உம்’ கொட்டிவிட்டுப் படியேறினாள்.