வேளச்சேரிக்கு ஒரு பெட்டி

புது லேப்டாப்பை மலர்க்கொடி அக்கா பெட்டிக்குள் வைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அது எனக்கு வரவேண்டியது. எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னுடையது காலையில் கண் விழிப்பதற்குள் நான் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

நன்னிலம் கடைத்தெருவில், உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் செய்து கொடுக்கிறோம். ஆபீஸில் இருப்பது முதலாளியான அக்காவும் நானும் மட்டும். குத்தாலம், திருத்துறைப்பூண்டி என்று மற்ற பதினோரு பேரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். அவர்களுக்குக் கருவிகள் அனுப்புவதும் சாஃப்ட்வேர் ஏற்றிக் கொடுப்பதும் என் பொறுப்பு. போனை எடுத்தால் யாரும் வணக்கம் சொல்வதில்லை. 'சதீஷ், சவுண்டு வரலை' என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புது ஆஸ்பத்திரி ஒன்றின் வேலை தொடங்குகிறது. முதல் வாரம் சோதனை. ஒரு நாள் பிசகினாலும் அந்த வேலை எங்களுக்கு இல்லை. அதற்காகவே எடுத்த பன்னிரண்டாவது ஆளுக்குத்தான் இந்தப் பெட்டி. இன்று வெள்ளி. நாலு மணிக்குள் கூரியரில் சேர்த்தால் நாளைக்குப் போய்விடும்.

ஆள் இருப்பது சென்னை வேளச்சேரியில். அங்கே லேப்டாப் கடைக்கா பஞ்சம்?

ஆனால் நாற்பது பேர் எழுதிய தேர்வில் அவன்தான் முதல். ஒரு தப்புகூட இல்லை. இருந்த வேலை போய் ஆறு மாதம் ஆகிறது. சொந்தமாகக் கம்ப்யூட்டரும் இல்லை.

"பழசக் குடுங்கக்கா. ஒரு மாசம் பாத்துட்டு புதுசு அனுப்பலாம்" என்று சொல்லிப் பார்த்தேன்.

அக்கா காதிலேயே வாங்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். ஊரடங்கு வருஷத்தில் அக்கா ஒரு கம்பெனிக்கு இதே வேலையைத் தன் ஊரிலிருந்து செய்தவர். அவர்கள் ஒரு ஹெட்செட்கூட அனுப்பவில்லை. தெருவில் நெட் கிடையாது. நாலே நாளில், உங்கள் ஊரில் வசதி போதாது என்று மெயில் அனுப்பி நீக்கிவிட்டார்கள். தன்னிடம் இருக்கும் யாருக்கும் அப்படி வேலை போகக்கூடாது என்பதில் அக்கா பிடிவாதம். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், என் லேப்டாப்பில் கை வைக்கிற வரைக்கும்.

ஹெட்செட் வைத்தாயிற்று. கரண்ட் போனால் நெட் நிற்காமல் இருக்க ஒரு குட்டி யுபிஎஸ். அப்புறம் பெடல். காலால் மிதித்தால் பதிவு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், கை டைப் அடித்துக்கொண்டே இருக்கலாம். அக்கா புது லேப்டாப்பில் பழைய பதிவு ஒன்றை ஓட்டி, தானே ஒரு பக்கம் டைப் செய்து பார்த்தார். பெடல் லேசாக ஒட்டுகிறது என்றார். என் மேசைக்கு அடியில் குனிந்து என்னுடையதைக் கழற்றி வைத்தார்.

எப்படி ஆன் செய்வது என்று ஒரு தாள் எழுதினார். அதில் என் நம்பரைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடலாம் என்று சேர்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றரை மணிக்கு அக்காவின் அம்மா அம்சம் மேலே வந்தார். குத்தகை வயலுக்கு யூரியா வாங்க வந்தவர். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவர் என்பதால் எழுத்து எங்கே இருந்தாலும் படித்துப் பார்க்காமல் விடமாட்டார். நான் ஒட்டியிருந்த முகவரியில் விரலை வைத்துப் படித்தார். சூர்யபிரகாஷ், மே/பா. இளையபெருமாள்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. மகளைப் பார்த்தார். அக்கா டேப் ஒட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

அம்மாதான் எனக்குச் சொன்னார். இளையபெருமாள் அவர்கள் ஊரின் பெரிய பண்ணை. அம்மா இருபத்திரண்டு வருஷம் அவர் வயலில் நடவு நட்டிருக்கிறார், கொல்லை வழியாக மட்டுமே அந்த வீட்டுக்குள் போய் வந்திருக்கிறார். ஊரடங்கின்போது ஊரில் நெட் இருந்தது அந்த வீட்டில் மட்டும்தான். மாட்டுக் கொட்டகையில் தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று அக்கா லேப்டாப்போடு போய்க் கேட்டிருக்கிறார். சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் பெரியவர் கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். யாரும் வந்து சொல்லவில்லை. நாலாம் நாள் மெயில் வந்துவிட்டது.

பிறகு நிலத்தை விற்றுவிட்டுப் பெரியவர் பேரனோடு சென்னைக்குப் போய்விட்டாராம்.

எனக்குப் பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடலாமா என்று இருந்தது.

பேரனுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, தேர்வில் முதலாவதாக வந்தான், வேலை கொடுத்தேன் என்றார் அக்கா. குரலில் கோபமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை.

அனுப்புநர் இடத்தில் ஆபீஸ் சீலைக் குத்துவது வழக்கம். நான் சீலை எடுத்தேன். அக்கா அதை வாங்கி டிராயரில் போட்டுவிட்டு மார்க்கரை எடுத்தார். பெரிய எழுத்தில், அவசரமில்லாமல் எழுதினார்.

அம்சம் மகள் மலர்க்கொடி, கீழத்தெரு. அதற்குக் கீழே ஊர்ப் பெயர்.

அம்மா அதையும் விரல் வைத்துப் படித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மணி மூன்று ஐம்பது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். பைக்கில் வைத்துக் கட்டும்போது அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சதீஷ், நேர்ல கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுக்கணும்னு சொல்லிடு. பேரன் நாளைக்குச் சாயந்திரம்தான் வருவானாம். பெரியவருதான் வீட்ல இருப்பாரு."